மூக்குக்குக் கோடு கிடையாது

“ஆயில் பெயின்ட்டில் முகம் வரையப் பழக, பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்து அப்படியே வரையலாமா, அது காப்பி அடிப்பது ஆகாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களை நன்றாகக் கிண்டல் செய்திருக்கிறார்கள் போல.

தாராளமாக வரையுங்கள். நான் பார்த்து வரைந்த டச்சு ஓவியர் வெர்மீர் 1675லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், கேஸ் போட வரமாட்டார். அவர் கையெழுத்தைப் போடாதீர்கள், அசல் என்று சொல்லி விற்காதீர்கள், அவ்வளவுதான். பாரிஸ் லூவர் மியூசியத்தில் அசலுக்கு முன்னாலேயே ஸ்டாண்ட் போட்டு வரைய அனுமதி தருகிறார்கள். அங்கே வரைந்தால் அளவு மட்டும் அசலிலிருந்து வேறாக இருக்க வேண்டும்.

நான் பள்ளி லீவு நாட்களில் தண்டையார்பேட்டையில் ஒரு பேனர் ஆர்ட்டிஸ்டிடம் எடுபிடியாக இருந்தவன். கட்டம் போட்டுப் பெரிதாக்குவோம், நிறம் ரொப்புவோம், கடைசியில் கறுப்பில் அவுட்லைன். இருபதடி தள்ளி நின்றால் நடிகர் சிரிப்பார். ஃப்ளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

நாற்பது வயதுக்கு மேல் வெர்மீரின் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ணை எடுத்தேன். அசல் 44.5 செ.மீ. உயரம், 39 செ.மீ. அகலம். வீட்டில் பிரின்ட்டைப் பார்த்து வரைந்ததால் நானும் அதே அளவுதான். பெரிதாக்கினால் என் கை பேனர் போடப் போய்விடும். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முதலில் நிழலை மட்டும் போட்டேன். அம்பர் சீக்கிரம் காயும். அதுவரை ஜோர். நிறம் ஏற்றியதும் மூக்கு கட்அவுட் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. மூன்று தடவை சுரண்டி எடுத்தேன். வெறுத்துப்போய் பிரின்ட்டைத் தலைகீழாக வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, மூக்குத்தண்டுக்கும் அந்தப் பக்கக் கன்னத்துக்கும் நடுவில் மனுஷன் கோடே போடவில்லை. இரண்டும் ஒரே வெளிச்சமாகக் கரைந்து கிடக்கின்றன. முத்தும் அப்படித்தான். மேலே வெள்ளையாக ஒரு அப்பு, கீழே காலரின் மங்கல் வெளிச்சம். காதில் மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. நானோ ஒரு மணி நேரம் அதற்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

முறையாகப் படிக்காதவன் பேசுகிறான் என்பார்கள். சரி, கவின்கலைக் கல்லூரி வாசலை நான் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. சுரண்டியது நான்தானே?

பின்புலத்தில் நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஐவரி பிளாக்கில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிக் குழைத்து அப்பினேன். ஐப்பசி மழையில் மூன்று வாரம் பிசுபிசுவென்றே இருந்தது. வெயில் வந்த அன்று மொட்டை மாடியில் வைத்தால், எண்ணூர் நெடுஞ்சாலை கன்டெய்னர் லாரிப் புழுதி முழுக்க அதன் மேல். அந்தப் பின்புலம் முதலில் பச்சைத் திரையாக இருந்தது, 2018ல் நடந்த ஆய்வில் தெரிந்தது என்று பிறகுதான் படித்தேன். வெறும் கறுப்புக்கா இந்தப் பாடு!

கீழ்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, தலைல இன்னாத்த கட்டினுகீது இந்தப் பொண்ணு?” என்றார். அதோடு விட்டாரா? மறுநாள் செத்துப்போன வீட்டுக்காரர் போட்டோவைக் கொண்டுவந்து, “இவர அதே மாதிரி போட்டுக் குடு, டீ வாங்கித் தரேன்” என்றார். மூன்று மாத வேலைக்கு ஒரு டீ! படம் வரைகிறவன் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். மறுக்கவும் முடியவில்லை.

அது ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். ஃபிளாஷ் நேராக மூஞ்சியில் அடித்திருக்கிறது. நிழல் என்று மருந்துக்கும் இல்லை. மூக்கை எங்கே போய்த் தேடுவது?