கரண்ட் விலையைக் கட்டிப்போட்டால் செலவு எங்கே போகும்?

மின்வாரியக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற நாகர்கோவில்காரர் ஒருவர், நம் குமரி மாவட்டத்தாரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

தக்கலை வாசகர்: அண்ணாச்சி, முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன. நமக்காவது கரண்டை மலிவாகத் தரக்கூடாதா?

காற்று நம்முடையது, கம்பி ஊருக்கெல்லாம் பொது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரைதான் காற்று வெளுத்து வாங்கும். அது ஓய்ந்த பிறகு நிலக்கரியில் கரண்ட் எடுக்கக் காசு வேண்டும். மேலும் அந்தக் காற்றாலைகளில் பல, பஞ்சாலைகள் தங்கள் சொந்தத் தேவைக்கு நிறுத்தியவை.

குளச்சல் வாசகர்: வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஐஸ் பிளாண்ட் நடத்தும் என் அண்ணனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பில்?

2016இல் வந்த அந்த 100 யூனிட்டுக்கு அரசு மானியம் தருகிறது. அது தனிக்கணக்கு. அதற்கு மேலும் வீட்டுக்கு அடக்கவிலைக்குக் குறைவாகக் கொடுத்தால் துண்டு விழும். அதைத் தொழிற்சாலை, கடைகளின் தலையில் ஏற்றுவதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். பஞ்சாலை முதலாளி காற்றாலை வைத்துத் தப்பித்துவிடுவார். அவர் விலக விலக, மிச்சமிருப்பவர்களின் சுமை கூடும். ஐஸ் பிளாண்ட் எங்கே ஓடும்? உங்கள் அண்ணன் அதை ஐஸ் விலையில் ஏற்றுவார், வள்ளக்காரர் மீன் விலையில் ஏற்றப் பார்ப்பார், ஏலத்தில் முடியாவிட்டால் கைநட்டம். பில்லில் மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தை நாம் சந்தையில் கொடுத்துவிட்டு வருகிறோம்.

திங்கள்நகர் வாசகி: 500 யூனிட் தாண்டியதும் பில் எகிறுகிறதே, ரீடிங் தவறா?

ரீடிங் எடுப்பவரைத் திட்டாதீர்கள் அம்மா. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி அப்போது 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501க்கு 1,958. தாண்டியவுடன் இலவச 100 அப்படியே இருந்தாலும், அதற்கு அடுத்த யூனிட்டுகளின் விலைச்சலுகை போய்விடுகிறது. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

மார்த்தாண்டம் வாசகர்: விலையை ஏற்றவே கூடாது என்று சட்டம் போட்டால்?

கலிஃபோர்னியாவில் 2000இல் சில்லறை விலையைக் கட்டிவைத்திருந்தார்கள். விநியோக நிறுவனங்கள் கரண்ட் வாங்கும் மொத்தச் சந்தை விலை பல மடங்கு ஏறியது. கரண்ட் வியாபாரிகளின் சூதும் அதில் சேர்ந்தது. விநியோக நிறுவனமான பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் 2001 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. இங்கே திவால் கிடையாது, கடன்தான். 2017இல், மின்வாரியங்களின் கடனைக் குறைக்க வந்த உதய் திட்டத்தில், நம் வாரியத்தின் 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அந்த வட்டி கரண்ட் பில்லில் தெரியாது.

அதே வாசகர்: அப்படியானால் இலவசமே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை தம்பி. ஒற்றை மின்விசிறி ஓடும் வீட்டுக்கு அது வேண்டும். மூன்று ஏசி வைத்த வீட்டுக்கும் அதே 100 யூனிட் ஏன் என்பதுதான் என் கேள்வி. ஓய்வூதியம் வாங்கும் எனக்கும் கிடைக்கிறது. வேண்டாம் என்று நானும் இதுவரை எழுதிக்கொடுக்கவில்லை.