மாடியில் சுரைக்கொடி நன்றாகப் படர்ந்து பூக்கிறது, பிஞ்செல்லாம் விரல் நீளத்திலேயே மஞ்சளாகி விழுகிறது. என்ன உரம் போடலாம்?

உரம் எதுவும் போடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் கேட்டு ஏற்கெனவே ஒரு டப்பா வாங்கி ஊற்றியிருப்பீர்கள், அது பலிக்காமல்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் இப்படியே இரண்டு ஆடிப்பட்டத்தைத் தொலைத்தவள்.

மதுரையில் வாடகை வீடு, மூன்றாவது மாடி. 18 அங்குலப் பையில் செம்மண், தொழு உரம், மூன்று தண்ணீர் அலசிய தேங்காய்நார்க் கழிவு எல்லாம் கலந்துதான் விதை போட்டேன். கொடி தண்ணீர்த் தொட்டி மேலேறி அந்தப் பக்கம் இறங்கியது. பிஞ்சு மட்டும் நாலாம் நாள் நுனியில் மஞ்சள் தட்டி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்துவிடும். கடைக்காரர் நுண்ணூட்டம் கொடுத்தார். அடுத்த முறை பூச்சி மருந்து கொடுத்தார். நானாகப் பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து வாரம் தவறாமல் தெளித்தேன். இலை முறம் அகலத்துக்கு விரிந்தது. ஒரு காய் பறிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் எதிர்வீட்டுக்கு உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அப்பத்தா வந்திருந்தார். சாயங்காலம் துணி எடுக்கப் போன இடத்தில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ஏத்தா, அது அந்திப் பூவுல்ல? நீ காலையில வந்து பாத்தா வாடித்தான கெடக்கும். ஊர்ல இருட்டுனதும் அந்துப்பூச்சி வரும். இம்புட்டு ஒசரத்துக்கு எது வரும்?" என்றார். நான் வேலைக்குப் போகிறவள். காலை ஆறரைக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. என் கொடியில் பூ விரிந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

அவர் செய்து காட்டியதை அப்படியே எழுதுகிறேன். நீளக் காம்பில் வெறுமனே நிற்பது ஆண்பூ. அடியில் பூனைமுடி போர்த்த குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருந்தால் பெண்பூ. ஆண்பூவைக் காம்போடு கிள்ளி, மெல்லிய வெள்ளை இதழை உரித்துவிட்டு, நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டைப் பெண்பூவுக்குள் விட்டு மெதுவாகத் தடவ வேண்டும். உள்ளே மூன்று பிளவாக, ஈரப்பசையோடு ஒரு முடிச்சு இருக்கும். ஆண்பூவின் மஞ்சள் நிற மகரந்தத் தூள் அதில் மூன்று பக்கமும் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். மாலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் செய்துவிடுங்கள். பீர்க்கும் அந்தியில் பூப்பதுதான். பரங்கியும் பாகலும் விடியற்காலையில் பூக்கும், அவற்றுக்குக் காலையில் செய்ய வேண்டும்.

அன்று மூன்று பூவுக்குச் செய்தோம். ஒன்று விழுந்தது, இரண்டு நின்றது. நின்ற பிஞ்சு இரண்டாம் நாளே அடையாளம் காட்டும்: காம்பு தடித்துக் கீழே வளையும், பச்சை தெளியும். பதினைந்து நாளுக்குள் நகம் இறங்கும் பக்குவத்தில் பறித்தேன்.

"எங்கள் மாடிக்குத் தேனீ வருகிறதே" என்று சிலர் எழுதுவார்கள். பக்கத்தில் தோப்பு இருந்தால் வரும், நான் மறுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வேம்புகூடக் கிடையாது. நான் வேளாண்மை படித்தவளும் இல்லை. படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.

உங்கள் பிஞ்சைக் கையில் எடுத்து ஒருமுறை பாருங்கள். ஊசி குத்தியது போல் புள்ளியும் அதில் பிசினும் இருந்தால் அது காய் ஈயின் வேலை, இந்த வைத்தியம் மட்டும் போதாது. பிஞ்சு நின்றதும் காகித உறை மாட்டிவிடுங்கள். துளையிட்ட பாட்டிலில் நனைத்த கருவாடு வைத்துத் தொங்கவிட்டாலும் ஈ அதற்குள் போகும். புள்ளி இல்லாமல் நுனியிலிருந்து மஞ்சளானால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்றுதான் அர்த்தம். பெண்பூவே குறைவு என்றால் கொடியின் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளையில்தான் அது அதிகம் வரும். சமைக்கும் முன் ஒரு துண்டு வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தால் சமைக்க வேண்டாம். சமைத்த பிறகு கசப்பு தெரிந்தால் குழம்பு முழுவதையும் கொட்ட நேர்ந்தாலும் பரவாயில்லை, சாப்பிட வேண்டாம். கசப்புச் சுரை நஞ்சு.

இதையும் சொல்லாமல் மனசு ஆறவில்லை. அடுத்த வருஷமே கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் என்று வீட்டு உரிமையாளர் பைகளை எல்லாம் எடுக்கச் சொன்னார். செங்கல் அடுக்கி, தரையில் படாமல்தான் வைத்திருந்தேன். காட்டினேன், பார்க்கக்கூட இல்லை. காய்த்துக்கொண்டிருந்த கொடியை நானே அறுத்தேன், 22 பை மண்ணை மூட்டை கட்டி இறக்கினேன். இரண்டு மாதம் கழித்து பிளம்பர் வந்து, தொட்டிக் குழாயின் இணைப்பில் கசிவு என்றார். "தப்பா நெனச்சுட்டேம்மா" என்று ஒரு வார்த்தை வரவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் பை வைக்கும் முன் மாடித்தரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று மாலை ஆறரைக்கு மாடிக்குப் போய், ஆண்பூ எத்தனை, பெண்பூ எத்தனை விரிந்திருக்கிறது என்று எண்ணி இங்கேயே எழுதுங்கள். பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.