வியாழக்கிழமை டிஸ்கோ – கடிதம்

வணக்கம் சார்,

டிஸ்கோ பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், ‘பிரிட்டனில் டிஸ்கோவை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது டாப் ஆஃப் த பாப்ஸ்தான்’ என்று ஒரு வரி வந்தது. நான் மூன்று வருடமாக லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். வாராவாரம் வியாழக்கிழமை, அதிகம் விற்கும் பாட்டுகளை பிபிசி டிவியில் காட்டிய நிகழ்ச்சிதானே அது. உங்கள் வரியை நம்பி, பிபிசி ஃபோர் சேனல் மறு ஒளிபரப்பு செய்த 1976, 77ஆம் வருட நிகழ்ச்சிகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஏமாந்துபோனேன் சார்.

ரெக்கார்டில் கேட்ட பாட்டு ஒன்று, இவர்கள் வாசிப்பது வேறொன்று. டிரம்ஸ் தகர டப்பா மாதிரி இருக்கிறது. நம் ஊர்க் கல்யாண வீட்டு லைட் மியூசிக் எவ்வளவோ தேவலை. பல பாட்டுகளுக்குப் பாடகரே வருவதில்லை, ஆறு பெண்கள் ஆடிவிட்டுப் போகிறார்கள். கீழே நிற்கும் பையன்களும் பெண்களும் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல் நிற்கிறார்கள். கறுப்பர்களும் லத்தீனோக்களும் தன்பாலீர்ப்பாளர்களும் நியூயார்க்கின் இரவு விடுதிகளில் உண்டாக்கிய கொண்டாட்டம் டிஸ்கோ. பிபிசி அதைப் புரிந்துகொள்ளாமல் கெடுத்துவிட்டது என்றுதானே சொல்ல வேண்டும்? நீங்கள் ஏன் புகழ்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான் புகழவில்லை. கொண்டுபோய்ச் சேர்த்தது என்றுதான் எழுதினேன். தபால்காரர் கடிதத்தை மழையில் நனைத்துக் கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவர் அவர்தானே.

தகர டப்பாவிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. 1966இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர்கள் சங்கம், கடையில் விற்கும் ரெக்கார்டை ஓடவிட்டு டிவியில் வாயசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதில் நியாயம் இருந்தது. ரெக்கார்டையே ஓடவிடலாம் என்றால் வாசிக்கிறவனுக்கு எங்கே வேலை? எனவே பாட வருகிறவர்களுக்கு இரண்டு வழிதான். நிகழ்ச்சியின் சொந்த ஆர்கெஸ்ட்ரா வாசிக்க அதோடு பாடலாம், இல்லையென்றால் பின்னணி இசையை நிகழ்ச்சிக்கென்று புதிதாகப் பதிவு செய்துகொண்டு வரலாம். இரண்டாவது வழியில் ஏகப்பட்ட தில்லுமுல்லு நடந்ததாகச் சொல்வார்கள். சங்கத்து ஆள் கண்முன்னால் ஒரு டேப்பில் பதிவு செய்வது, அவர் தலை மறைந்ததும் அசல் ரெக்கார்டு இருக்கிற டேப்பைக் கையில் கொடுத்து அனுப்புவது. ராக் குழுக்களுக்கு இந்த வித்தை கைகொடுத்தது. அமெரிக்காவிலிருந்து தனியாக வந்து இறங்கும் பாடகிக்கு ஆர்கெஸ்ட்ராதான் கதி.

ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஜானி பியர்சன். அதில் இருந்தவர்கள் சாமானியர்கள் இல்லை. எந்த இசைக்குறிப்பு நோட்டை முன்னால் வைத்தாலும் அப்போதே வாசிக்கக்கூடியவர்கள். சிக்கல் என்னவென்றால் டிஸ்கோவில் முக்கியமான எதுவும் நோட்டில் இருக்காது. உங்களிடம் நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரே பாட்டின் ரெக்கார்டையும் நிகழ்ச்சியையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, வயலினையும் பாடகரையும் மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள். ரெக்கார்டில் பாஸ் டிரம், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் விழும். இரண்டு அடிகளுக்கு நடுவில் ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத்தட்டு ‘ட்ஸ்ஸ்’ என்று திறந்து, அடுத்த அடி விழும்போது சட்டென்று மூடும். ஃபிலடெல்ஃபியாவில் ஏர்ல் யங் 1973 வாக்கில் பிடித்துக் கொடுத்த தாளம் இது. அந்த ‘ட்ஸ்ஸ்’ எவ்வளவு நீளம் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஒரு மயிரிழை முன்பின் ஆனாலும் இடுப்பு அசையாது. ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் அதைத் தங்கள் ஸ்டுடியோவில் நாள்கணக்கில் வாசித்துப் பழகியவர்கள். லண்டனில் அன்றைக்குக் காலையில்தான் நோட்டைப் பார்த்திருப்பார்கள். நோட்டில் இருப்பது ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான்.

சரி, பாடகர் ஏன் வரவில்லை? அதற்கு வாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1969இல் தொடங்கிய முறை இது. சனிக்கிழமை கடை சாத்தும் வரை விற்ற ரெக்கார்டுகளை 250 கடைக்காரர்கள் நோட்டில் குறித்துத் தபாலில் அனுப்புவார்கள். அதைத் துளையட்டையில் ஏற்றித் திங்கட்கிழமை கம்ப்யூட்டர் கணக்குப் போடும். செவ்வாய் மதியம் ரேடியோவில் அந்த விற்பனைப் பட்டியல் வரும். புதன்கிழமை நிகழ்ச்சியைப் பதிவு செய்து வியாழன் மாலை ஒளிபரப்ப வேண்டும். மயாமியில் இருக்கும் ஒருவரின் பாட்டு பத்து இடம் ஏறியிருப்பது செவ்வாய் மதியம் தெரிந்தால், அவரை எப்படிப் புதன்கிழமை லண்டனுக்கு வரவழைப்பது? இன்றைக்கு இருக்கிற மாதிரி எல்லாப் பாட்டுக்கும் வீடியோ கிடையாது.

அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் நடனக் குழு. ஃபிளிக் கோல்பி என்ற அமெரிக்கப் பெண்மணி நடனம் அமைத்தார். 1968 முதல் பேன்ஸ் பீப்பிள், 1976 கடைசியிலிருந்து நீங்கள் பார்த்த அந்த ஆறு பெண்கள், லெக்ஸ் அண்ட் கோ. பாட்டு எது என்று தெரிந்து ஒரு நாளில் ஆடிக் காட்ட வேண்டும் என்றால் மனிதர் என்ன செய்வார்? பாட்டில் என்ன சொல் வருகிறதோ அதையே செய்துகாட்டுவார். 1973இல் கில்பர்ட் ஓ’சல்லிவனின் ‘கெட் டவுன்’ பாட்டுக்கு நிஜ நாய்களை உட்காரவைத்து, அவற்றைப் பார்த்து விரலை ஆட்டி ஆடினார்கள். அது டிஸ்கோ இல்லை என்றாலும் தேடிப் பாருங்கள். நாய்களுக்கு அதில் துளியும் ஈடுபாடு இல்லை.

பிபிசி கெடுத்தது என்று ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், நான் ஆர்கெஸ்ட்ராவைச் சொல்ல மாட்டேன். ரூபி ஃபிளிப்பரைச் சொல்வேன். 1976 ஏப்ரலில் பேன்ஸ் பீப்பிள் முடிந்ததும், மே மாதத்திலிருந்து அந்தப் பெயரில் ஒரு குழு வந்தது. ஆணும் பெண்ணும் கலந்த குழு, கறுப்பரும் வெள்ளையரும் கலந்த குழு. ஒரு டிஸ்கோத் தளத்தில் ஆடுகிறவர்கள் எப்படி இருப்பார்களோ கிட்டத்தட்ட அப்படி. லிவர்பூல் கறுப்பினப் பையன்களின் குழுவான த ரியல் திங் ‘யூ டு மீ ஆர் எவ்ரிதிங்’ பாட்டால் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்ததும் அந்த ஜூன், ஜூலையில்தான். பாட்டும் ஆட்டமும் முதல்முறையாக ஒத்துப்போயிருந்த நேரம். அக்டோபருக்குள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்குப் பெண்கள் மட்டும் ஆடினால்தான் பிடிக்கும் என்பது மேலிடத்தின் முடிவு. அந்தக் கோடை நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு உடனே அந்த டிசம்பர் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். உங்கள் கோபத்துக்குச் சரியான இடம் அதுதான்.

கீழே நிற்பவர்களை விட்டுவிடுங்கள், பாவம். சுற்றிலும் சின்னச் சின்ன மேடைகள், நடுவில் அவர்கள், அவர்களுக்கு இடையில் சக்கரத்தில் ஓடிவரும் பெரிய கேமராக்கள். இந்த மேடையிலிருந்து அந்த மேடைக்கு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். பலர் ஆடாமல் பின்னால் திரும்பிப் பார்ப்பது கால் மேல் கேமரா ஏறிவிடுமோ என்றுதான்.

இனி நான் எழுதிய வரிக்கு வருகிறேன். இந்த நிகழ்ச்சிக்கு ரசனை கிடையாது. அதற்கு இருந்தது ஒரு விதி. இறங்குகிற பாட்டு வராது, ஏறுகிற பாட்டு வரும், முதலிடம் எதுவோ அதுவே கடைசிப் பாட்டு. தயாரிப்பாளருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கடையில் விற்றால் காட்டியாக வேண்டும். தேர்வு யார் கையிலும் இல்லாததால்தான் டிஸ்கோ உள்ளே வர முடிந்தது. 1974 ஜூலை கடைசியில் ஜார்ஜ் மெக்ரேயின் ‘ராக் யுவர் பேபி’ முதலிடம், அடுத்து ஆகஸ்டில் த்ரீ டிகிரீஸ் குழு. அமெரிக்கப் பாடகி டோனா சம்மரின் ‘லவ் டு லவ் யூ பேபி’யை பிபிசி முதலில் தொடவே மறுத்தது. முனகல் அதிகம். இருந்தும் 1976 தொடக்கத்தில் அது நான்காவது இடம் வரை போனது. 1979 ஜனவரியில் வில்லேஜ் பீப்பிளின் ‘ஒய்.எம்.சி.ஏ.’ மூன்று வாரம் நம்பர் ஒன். போலீஸ்காரர், கௌபாய், கட்டடத் தொழிலாளி என்று அந்த வேடங்கள் எந்த விடுதிகளிலிருந்து வந்தன என்பது தெரியாமலே, பாட்டிகளும் பேரன்களும் ராச்சாப்பாட்டு நேரத்தில் கையைத் தூக்கி ஆடியிருப்பார்கள். நீங்கள் இதைக் கெடுத்தது என்பீர்கள். அந்த வீடுகளில் ஏதோ ஒன்றில், தன்னைப் பற்றி இன்னும் யாரிடமும் சொல்லியிராத ஒரு பையனும் உட்கார்ந்து பார்த்திருப்பான் என்பது என் எண்ணம்.

இந்த விதியால் ஆதாயம் அடைந்தவர்களில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் உண்டு. பெங்களூரில் பிறந்து, அங்கே பாட்டுக் குழு வைத்திருந்து, அறுபதுகளில் இங்கிலாந்து போன பித்து அப்பையா. (தமிழில் எழுதினால் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.) ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸை வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அந்த ரெக்கார்டின் பின்பக்கத்துக்கு ஏதாவது வேண்டுமே என்று, மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் இன்னொன்றை முடித்தார்கள். பின்பக்கம்தானே என்று ‘ஹூ’, ‘ஹா’ என்று இஷ்டத்துக்குக் கத்தியிருக்கிறார்கள். கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு அதையே முன்பக்கம் ஆக்கினார். அதுதான் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’, 1974 செப்டம்பரில் முதலிடம். 1976 மார்ச்சில் டீனா சார்ல்ஸ் பாடிய ‘ஐ லவ் டு லவ்’, அதுவும் பித்து, அதுவும் முதலிடம். 1980இல் ‘குர்பானி’ படத்துக்கு லண்டனில் நாஜியா ஹசனைப் பாடவைத்து ‘ஆப் ஜைசா கோயி’ கொடுத்தவரும் இவரேதான். இந்தியாவே டிஸ்கோ என்று எழுந்து ஆடிய பாட்டு, லண்டன் வியாழக்கிழமைகளில் தேறிய கையிலிருந்து வந்தது.

1977 ஜூலையில் டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ நான்கு வாரம் நம்பர் ஒன்னாக இருந்தது. மியூனிக்கில் ஜோர்ஜியோ மொரோடர் செய்தது. குரலையும் பாஸ் டிரம்மையும் தவிர மிச்சம் எல்லாம் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவி. வயலின் இல்லை, ஊதுகருவி இல்லை. ஜானி பியர்சனின் ஆட்களில் யாருக்கு அதில் வேலை இருக்கிறது? சங்கம் பத்து வருடமாக எதற்குப் பயந்ததோ அது ஜெர்மனியிலிருந்து வந்து பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

1979 ஜூலை 12ஆம் தேதி சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிரிட்டனில் அப்படி ஒரு கூத்து நடக்கவில்லை. அங்கே அதற்கு முந்தைய மாதம்தான் அனிதா வார்டின் ‘ரிங் மை பெல்’ முதலிடத்தில் இருந்தது. ஆகஸ்டிலிருந்து பிபிசியின் போட்டிச் சேனலான ஐடிவியில் வேலைநிறுத்தம், பத்து வாரம் அந்தச் சேனலே இல்லை. பார்க்க வேறு வழியில்லாமல் அந்த இலையுதிர் காலத்தில் டாப் ஆஃப் த பாப்ஸை 1 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குமேல் எப்போதும் வந்ததில்லை.

ஆர்கெஸ்ட்ராவுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1980இல் பிபிசி தன்னிடம் இருந்த 11 ஆர்கெஸ்ட்ராக்களில் ஐந்தை மூடப்போவதாக அறிவித்தது. சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மே கடைசியிலிருந்து டாப் ஆஃப் த பாப்ஸ் நின்றுபோனது. ஜூலைக் கடைசியில் நியூயார்க்கின் ஒடிசி குழுவினர் ‘யூஸ் இட் அப் அண்ட் வேர் இட் அவுட்’ என்ற பாட்டால் நம்பர் ஒன் ஆனார்கள், இரண்டு வாரம். முதலிடப் பாட்டோடு முடிய வேண்டிய அந்த இரண்டு வியாழக்கிழமைகளிலும் நிகழ்ச்சியே இல்லை. ஆகஸ்ட் 7ஆம் தேதி மறுபடி ஆரம்பித்தபோது முதலிடத்தில் ஸ்வீடன் குழுவான அபா இருந்தது. புதுத் தயாரிப்பாளர் மைக்கேல் ஹர்ல் பலூன் கட்டினார், கூட்டத்தைக் கத்தச் சொன்னார், ஆர்கெஸ்ட்ராவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். 1981, 82 நிகழ்ச்சிகளில் டிரம்ஸ் ரெக்கார்டில் இருப்பது போலவே கேட்கும். அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.