பேய்நொச்சியைத் தின்பது யார்?

வணக்கம் ஐயா,

நான் எழுதும் நாவலில் 'பேய்நொச்சி' என்றொரு கற்பனைப் புதர் வருகிறது. போர் முடிந்தபின் வாகரைப் பக்கம் முளைத்து, மனிதரைப் பழிவாங்கவே நஞ்சு சுரக்கிறது. விஞ்ஞானத்துக்கு இது பொருந்துமா? பெயர் சரிதானா? முதல் ஐம்பது பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

நிரோஜன், வாழைச்சேனை

அன்புள்ள தம்பி,

பெயர் நன்றாகவே இருக்கிறது. காலம்தான் இடிக்கிறது. 2009-க்குப் பின் முளைத்த புதருக்குள் அதற்கிடையில் புது நஞ்சு ஊறிவிடாது. மனிதர் குடியேறுமுன்பே அங்கே நின்ற செடி என்று மாற்றிவிடும்.

எனக்குக் கோபம் வந்தது 'பழிவாங்க' என்ற இடத்தில்தான். செடிக்கு நம்மைத் தெரியுமா? தற்செயலாகக் கசந்த செடியைப் புழுவும் மாடும் கொஞ்சம் குறைவாகத் தின்றன; அது கூடுதலாக விதைத்தது; கசப்பு வழிவழியாக ஏறியது. நாம் இடையில் வந்து அகப்பட்டவர்கள். மண்டூர் முருகனோடு சேர்த்துச் சொல்லப்படும் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். அந்த மரத்துக்கு யார்மேல் பகை?

கல்லடியில் எங்கள் அம்மம்மா ஆடு வளர்த்தார். எருக்கலையைத் தவிர அந்த மணலில் எதையும் அவை விட்டுவைக்கவில்லை. அதே எருக்கலையில் கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய, மஞ்சள் புள்ளி வைத்த புழுவொன்று இருக்கும். இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டுத்தான் தின்னத் தொடங்கும். இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அதற்கு ஏறுவதில்லை. அதை உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொண்டு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி மறுமுறை கிட்டப் போகாது. செடி பூட்டுப் போடப் போட, புழு திறப்புச் செய்துகொண்டே வந்திருக்கிறது. 1964-இல் ஏர்லிக், ராவன் என்ற இருவர் வண்ணத்துப்பூச்சிகளையும் செடிகளையும் வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இழுபறியைப் பற்றியதுதான்.

உம்முடைய பேய்நொச்சியைத் தின்பது யார்? ஐம்பது பக்கத்தில் ஒரு புழுகூட இல்லையே! பூவுக்கு எந்த வண்டு வரும்? பழத்தை எந்தப் பறவை விழுங்கி, எங்கே எச்சமிடும்? கிட்ட வருவதையெல்லாம் கொல்லும் செடிக்கு விதை பரப்ப யார் மிஞ்சுவார்?

பறிகொடுத்தவர்களின் கோபத்தைத்தான் எழுத நினைத்தீர் என்பது விளங்குகிறது. வாசிக்கையில் எனக்கும் நெஞ்சு அடைத்தது. அந்தக் கோபத்தை அந்தத் தாய்மாரின் வாயிலேயே பேசவிடும். புதரின் தலையில் கட்டாதீர்.

வாழைச்சேனையில் எருக்கலைக்குப் பஞ்சமா? ஒரு செடியடியில் காலையில் போய்க் குந்தியிரும். பிறகு எழுதும்.