நான்கு விண்ணப்பங்கள், ஒரே பிடிஎஃப்

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊர் பென்னாகரம் பக்கம். வயது 27. கும்பகோணத்தில் ஓவியம் படித்தேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். அம்மா புளி கொட்டை எடுக்கும் வேலைக்குப் போகிறார். அவரோடு உட்காரும் பெண்களின் கைகளைக் கரியில் வரைகிறேன், 40 படங்கள் சேர்ந்துவிட்டன. ஒரு போட்டி, இரண்டு நல்கை (கிராண்ட்), கலைஞர்கள் போய்த் தங்கி வேலை செய்யும் ஒரு ரெசிடென்சி என்று நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றும் வரவில்லை. ஆங்கிலம் வராததுதான் காரணமா? சிபாரிசு இல்லாமல் இதெல்லாம் கிடைக்குமா? அனுப்பிய பிடிஎஃப்பை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பிடிஎஃப்பை இரண்டு முறை பார்த்தேன். ஒன்பதாவது படத்தில் கட்டைவிரல் நகத்தை மட்டும் காகிதத்தின் வெள்ளையாகவே விட்டு, சுற்றிலும் கரியை அழுத்தியிருக்கிறீர்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஆகவே கோளாறு படத்தில் இல்லை.

நான்கு இடத்துக்கும் ஒரே கோப்பை அனுப்பியதுதான் கோளாறு. போட்டி நடத்துபவர் முடிந்த படத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான். நல்கை தருபவர் இனிமேல் நீங்கள் செய்யப்போகும் வேலைக்குப் பணம் தருகிறார். அவரிடம் போய் ‘40 படம் வரைந்து முடித்துவிட்டேன்’ என்றால், ‘சந்தோஷம், அப்புறம் பணம் எதற்கு?’ என்றுதான் நினைப்பார். 41ஆவது படம் என்ன, அதற்கு ஏன் ஒரு வருடம் வேண்டும் என்பதே அவருக்கான பதில். ரெசிடென்சிக்காரரின் கேள்வி வேறு. பென்னாகரத்தை விட்டு இங்கே வந்து ஒரு மாதம் இருந்து என்ன செய்வீர்கள்? பெரிய கூடமா, அச்சு இயந்திரமா, கூடப் பேச நான்கு கலைஞர்களா, எது வேண்டும் உங்களுக்கு?

அடுத்தது உங்கள் ஸ்டேட்மென்ட், அதாவது உங்கள் படங்களைப் பற்றி நீங்களே எழுதிய குறிப்பு. ‘நவீன மனிதனின் இருத்தலியல் வெறுமையைக் கோடுகளின் மௌனத்தில் தேடுகிறேன்.’ இதை எழுதியவரும் எனக்குக் கடிதம் எழுதியவரும் ஒரே ஆள்தானா? கடிதத்தில் அம்மா இருக்கிறார், புளி இருக்கிறது, கைகள் இருக்கின்றன. ஸ்டேட்மென்டில் ஒன்றுமே இல்லை. தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். அங்குள்ள நடுகற்களை இன்னொரு முறை பாருங்கள். இந்தப் பக்கத்து நடுகல் எழுத்துகளில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் யார், எதற்காகச் செத்தான் என்று இருக்கும். ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்றால் மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தான், முடிந்தது. வீரத்தைப் பற்றி ஒரு அடைமொழி கிடையாது, வீரன் பக்கத்திலேயே சிற்பமாக வில்லோடு நிற்கிறான். யாருடைய கை, எந்த ஊர், ஏன் கரி, ஏன் அந்த அளவு என்று நீங்களும் நான்கு வரி எழுதுங்கள், போதும்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்று கலைகளுக்கு நல்கை தரும் அமைப்பு இருக்கிறது, 1993இல் தொடங்கியது. எந்த இந்திய மொழியிலும் அவர்களுக்கு விண்ணப்பம் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். நம் ஊரிலிருந்து சென்னையைவிட பெங்களூர்தான் கிட்டே, ஆனாலும் நம் பிள்ளைகள் சென்னையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரைக்கும்தான், அது உங்களுக்குத் தாண்டிவிட்டது. ஆனால் 25 முதல் 40 வரை ஜூனியர் ஃபெல்லோஷிப் உண்டு. மாதம் 10,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். அறிவிப்பு வந்ததும் விதிகளை வரிவரியாகப் படியுங்கள். போட்டி என்றால் லலித் கலா அகாதெமியின் தேசியக் கண்காட்சிக்கு அனுப்புங்கள். ரெசிடென்சிக்கு டெல்லி கோஜைப் பார்க்கலாம். 1997 முதல் கலைஞர்களைக் கூட்டிவைத்து வேலை செய்யவிடுகிற இடம். சில ரெசிடென்சிகள் கலைஞரிடமே கட்டணம் வாங்கும். பயணம், சாப்பாடு, தங்குமிடம் யார் செலவு என்று முதலிலேயே கேளுங்கள். பணம் கட்டியவர்களுக்கெல்லாம் ‘சர்வதேச விருது’ தரும் கும்பல் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

சிபாரிசே நடப்பதில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் விண்ணப்பம் சிபாரிசு தேவைப்படும் கட்டம் வரைக்கும் போகவேயில்லை என்பது என் சந்தேகம். காரணம், உங்கள் புகைப்படங்கள். ஆறு படங்களில் டியூப்லைட் தெரிகிறது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. பல வருடம் முன்பு ஒரு போட்டிக்கு நான் அனுப்பிய நிலக்காட்சியில், கண்ணாடியில் விழுந்த பிம்பமாக, பனியனோடு நானே கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன்.

படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள். நேர்வெயில் விழாத திண்ணையில், காலை ஒன்பது மணி வாக்கில், படத்தைச் சுவரில் நேராகப் பொருத்தி, அதன் நடுப்பகுதி உயரத்துக்கு போனைப் பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கரியின் சாம்பல் நிறம் போனில் நீலமாக விழும், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டால் அப்புறம் சரிசெய்யலாம். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஊடகம், சென்டிமீட்டரில் அளவு, ஆண்டு. 40ஐயும் அனுப்பாதீர்கள், பத்து போதும். பலவீனமான பதினோராவது மற்ற பத்தையும் இழுத்துக் கீழே தள்ளும்.

பட்ஜெட்டில் காகிதமும், கரி உதிராமல் இருக்கத் தெளிக்கும் ஃபிக்ஸேட்டிவும் மட்டும் இருக்கிறது. உங்கள் கூலி எங்கே? அந்தப் பெண்களுக்குக் கிலோ கணக்கில்தானே கூலி? உங்களுக்காகக் கையை அசைக்காமல் வைத்திருக்கும் நேரத்துக்கு அவர்களுக்குக் கூலி நஷ்டம். அதையும் எழுதுங்கள். அதுவும் செலவுதான்.

கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு அனுப்புகிற பழக்கம் எனக்கும் இருந்தது, தளம் திணறும். இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

புதிய ஸ்டேட்மென்டையும் ஒன்பதாவது படத்தின் புதிய புகைப்படத்தையும் முதலில் எனக்கு அனுப்புங்கள். டியூப்லைட் இல்லாமல்.