பப்பாளி பூத்துக் கொட்டுகிறது, பிஞ்சே பிடிக்கவில்லை. ஏன்?

இரண்டு வருட மரம், நிறையப் பூ, ஒரு காய்கூட இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எரு வைப்பதற்கு முன் பூவைப் பாருங்கள். நீளமான காம்பில் கொத்துக்கொத்தாக மெல்லிய குழல் போன்ற சிறு பூக்கள் தொங்கினால் அது ஆண் மரம். அதில் மகரந்தம் மட்டும்தான் உண்டு. (அபூர்வமாக, வெப்பநிலை மாறும்போது ஒன்றிரண்டு காய் பிடிப்பதும் உண்டு.)

பெண் பூ தண்டை ஒட்டியே பருமனாக இருக்கும். இதழை விலக்கினால் உள்ளே குட்டிப் பப்பாளி போலவே சூலகம் உருண்டு நிற்கும், பார்க்கவே அழகு! மூன்றாவதாக இருபால் மரம், ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் இருக்கும். தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். கடையில் பார்க்கும் நீளப் பழம் பெரும்பாலும் இதனுடையது. பெண் மரத்துப் பழம் உருண்டை.

எல்லாம் குரோமோசோம் விஷயம். பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய், இருபாலுக்கு எக்ஸோடு ஒய்யின் சற்று மாறிய வடிவம். இரண்டு ஒய் சேர்ந்த கரு பிழைக்காது. அதனால் தன் மகரந்தத்தில் காய்த்த இருபால் பழத்தின் விதையில் இரண்டு பங்கு இருபாலும் ஒரு பங்கு பெண்ணும் வரும், ஆண் வராது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 ரகம் இப்படி இருபாலும் பெண்ணும் மட்டும் வரும் வகைதான். அடுத்த முறை அதை வாங்கி வையுங்கள்.

சரி, இந்த மரத்தை வெட்டலாமா? பக்கத்தில் பெண் மரம் இருந்தால் வெட்டாதீர்கள். தோப்புகளிலேயே சுமார் 20 பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள்.