மதச் சபைத் தலைவர் டெபாசிட் வாங்கி ஏமாற்றினால், உறுப்பினர்கள் ஏன் புகார் கொடுப்பதில்லை?

பயம்தான் காரணம். திருநெல்வேலிப் பக்கத்துச் சின்னச் சபைகள் சிலவற்றில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் உள்ளுக்குள்ளேயேதான். போலீசுக்குப் போனவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் வராது, சாவுக்குத் தோள் கொடுக்கவும் வரமாட்டார்கள். அப்புறம் யார் துணிவார்? ‘நமக்குள்ளேயே பேசி முடிப்போம்’ என்று இழுப்பதற்குள் தலைவரின் சொத்து அவருடைய மச்சினன் பெயருக்குப் போய்விடும். இந்த இழுத்தடிப்புதான் பெரிய அநியாயம்.

ஆனால் டெபாசிட்தாரர்களைக் காக்கும் 1997 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஆன்மிகப் பட்டத்தைப் பார்ப்பதில்லை. நிர்வாகப் பொறுப்பில் இருந்தவருக்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு. கெட்ட எண்ணத்தில் பிறர் பெயருக்கு மாற்றிய சொத்தையும் முடக்கலாம். பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். ரசீது, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போங்கள்; அத்தனை பேரையும் ஒதுக்கிவைப்பது சுலபமில்லை.